சுவரோவியத்துக்குச் சதுர அடிக்கு எவ்வளவு வாங்கலாம்?

"கையால் சுவரோவியம் வரைந்து தருவதற்குச் சதுர அடிக்கு என்ன விலை சொல்வது?" என்று கேட்டிருக்கிறீர்கள். அனேகமாக, முதல் இரண்டு மூன்று வேலைகளைத் தெரிந்தவர்களுக்குக் குறைத்து முடித்துக் கொடுத்துவிட்டு, கணக்குப் பார்த்தால் கையில் ஒன்றும் நிற்கவில்லை என்ற நிலையில் கேட்கிறீர்கள் என நினைக்கிறேன். சதுர அடி விலையில் தொடங்குவதுதான் அதற்குக் காரணம். அது சுவருக்கு ஒரே நிறம் அடிப்பவர்களுக்கான அளவுகோல். ஓவியத்தில் நேரத்தை விழுங்குவது நுணுக்கம்.

12 அடி அகலம், 9 அடி உயரம் உள்ள ஒரு சுவரை எடுத்துக்கொள்ளுங்கள். 108 சதுர அடி. அதில் 60 சதுர அடி வானமும் மலையும். ரோலரும் பெரிய பிரஷும் போதும். 36 சதுர அடி மரம், இலை, கொடி. மீதி 12 சதுர அடியில் ஒரு குழந்தையின் முகமும் இரண்டு பறவைகளும். வானத்துக்குச் சதுர அடிக்கு 10 நிமிடம், இலைகளுக்கு 30 நிமிடம், முகத்துக்கு 2 மணி நேரம் என்று வைத்தால் முறையே 10, 18, 24 மணி நேரம் ஆகும். மொத்தம் 52. சுவரில் ஒன்பதில் ஒரு பங்கு இடம் ஏறக்குறையப் பாதி நேரத்தை எடுத்துக்கொண்டுவிட்டது. இப்போது வாடிக்கையாளர் வந்து, "மரத்தைக் குறைத்துவிட்டு இன்னும் இரண்டு முகம் சேர்த்துவிடுங்களேன்" என்கிறார். மரம் 12 சதுர அடியாகி, முகங்கள் 36 ஆனால் கணக்கு 10, 6, 72 என்று மாறும். 88 மணி நேரம். சுவர் அதே சுவர்தான், வேலை மட்டும் 36 மணி நேரம் கூடிவிட்டது. சதுர அடிக்கு விலை பேசியிருந்தால் அந்த 36 மணி நேரமும் இலவசம்.

இந்த நிமிடக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். உங்கள் கை வேகம் வேறாக இருக்கும். ஒரு பலகையில் பிரைமர் அடித்து, மூன்று வகையிலும் ஒவ்வொரு சதுர அடி வரைந்து, கடிகாரம் வைத்துப் பாருங்கள். நிறம் கலக்கும் நேரம், பிரஷ் கழுவும் நேரம், இரண்டாவது கோட் எல்லாம் அதில் சேர வேண்டும். சுவரில் வேகம் பலகையைவிடக் குறையும் என்பதையும் மறக்காதீர்கள்.

வரையும் நேரம் மட்டும் வேலை ஆகாது. அதே சுவருக்கு நேரில் பார்த்து அளவெடுக்க 3 மணி, மாதிரிப் படம் போட 10, சுவரைத் தேய்த்துப் பட்டி பார்த்து அடிநிறம் கொடுக்க 6, கட்டம் வரைந்தோ புரொஜெக்டர் வைத்தோ படத்தின் கோடுகளைச் சுவரில் ஏற்ற 4, மேற்பூச்சு வார்னிஷுக்கு 3, கடைசித் திருத்தமும் சுத்தம் செய்வதும் 3. 52 மணி நேரம் 81 ஆகிறது. எதிர்பாராததற்கு 15 சதவீதம் சேர்த்தால் 93. விலை இந்த 93இல் இருந்துதான் பிறக்க வேண்டும்.

ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். ஆண்டுக்கு 48 வாரம், வாரம் 40 மணி நேரம் என்றால் 1,920 வருகிறது. ஆனால் கைகூடாத வேலைகளுக்குக் கொட்டேஷன் போடுவது, கணக்கு எழுதுவது, அடுத்த வேலைக்காகக் காத்திருப்பது எல்லாம் போக, காசாகும் நேரம் 1,000 மணி இருந்தாலே நல்ல ஆண்டு. குடும்பச் செலவு, தொழில் செலவு, வரி, சேமிப்பு, உடம்பு முடியாத நாட்களுக்கான தொகை எல்லாவற்றையும் கூட்டி அந்த 1,000ஆல் வகுங்கள். 1,920ஆல் வகுத்தால் வருடம் முழுக்கப் பாதிச் சம்பளத்துக்கு வேலை செய்கிறீர்கள் என்று பொருள்.

"நான் வருடக்கணக்காகச் சதுர அடிக்குத்தான் வாங்குகிறேன், நன்றாகத்தானே இருக்கிறேன்" என்று யாராவது கீழே எழுதக்கூடும். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஒரே பாணியில், ஏறக்குறைய ஒரே அளவு நுணுக்கத்தில் வரைபவருக்குச் சராசரி பழகிப்போயிருக்கும். அவருடைய சதுர அடி விலைக்குள்ளும் மணிக்கணக்குதான் ஒளிந்திருக்கிறது. அந்தச் சராசரி உங்களிடம் இன்னும் இல்லை. மணிக்கணக்கில் விலை கண்டுபிடித்த பிறகு அதைச் சதுர அடியால் வகுத்து, முந்தைய வேலைகளோடு ஒப்பிட்டுப் பார்ப்பதற்கு அந்த எண் உதவும்.

பொருட்செலவு நினைப்பதைவிடச் சிறிய பங்குதான். வழவழப்பான சுவரில் ஒரு லிட்டர் அக்ரிலிக் எமல்ஷன் ஒரு கோட்டுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 சதுர அடி வரும். சொரசொரப்பான சுவர் அதைப் போல ஒன்றரை மடங்குகூடக் குடிக்கும். அடிநிறத்துக்கு இரண்டு கோட் கணக்கு வையுங்கள். மற்ற நிறங்கள் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் தேவைப்படும் என்றாலும் முழு டப்பாவாக வாங்க வேண்டியிருக்கும், அந்த முழு விலையைப் போடுங்கள். லாபம் சேர்க்கும்போது ஒரு பிழை அடிக்கடி நடக்கிறது. செலவு 100 என்றால் அதன்மேல் 25 சேர்த்து 125 வாங்குவது 20 சதவீத லாபம்தான். விற்கும் விலையில் 25 சதவீதம் நிற்க வேண்டுமானால் 100ஐ 0.75ஆல் வகுத்து 133 கேட்க வேண்டும்.

சுவரைத் தொட்டுப் பார்க்காமல் விலை சொல்லாதீர்கள். போட்டோவில் எல்லாச் சுவரும் நல்ல சுவர்தான். உள்ளங்கையால் தேய்த்தால் மாவு போல ஒட்டுகிறதா? பழைய பூச்சு பொடிந்துவிட்டது, சுரண்ட வேண்டும். மாஸ்கிங் டேப்பை அழுத்தி ஒட்டி வெடுக்கென்று இழுங்கள். பெயின்ட் செதிலாக வந்தால் உங்கள் ஓவியமும் ஒருநாள் அதோடு சேர்ந்து உதிரும். ஓதம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் ஒன்றரை அடிக்கு ஒன்றரை அடி பாலிதீன் தாளை நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி ஒரு நாள் விடுங்கள். பின்பக்கம் நீர் கோத்திருந்தால் அந்த ஓதத்தைச் சரிசெய்யும்வரை வேலையே எடுக்கக் கூடாது. புதிதாகச் சிமென்ட் பூசிய சுவர் குறைந்தது 28 நாள் ஆற வேண்டும். அதற்குமுன் வரைந்தால் சுவரின் காரம் நிறத்தைக் கெடுக்கும், உப்பு பூத்துப் படத்தைத் தள்ளும். பழைய எனாமல் பூச்சின்மேல் அக்ரிலிக் பிடிக்காது. உப்புத்தாளால் தேய்த்து, ஒட்டுப் பிரைமர் அடித்த பிறகே வரையலாம். இவை ஒவ்வொன்றுக்கும் கொட்டேஷனில் தனி வரி இருக்கட்டும். "பின்னாலிருந்து வரும் நீர்க்கசிவால் கெட்டால் திருத்தம் தனிக் கட்டணம்" என்று ஒரு வரியும் போடுங்கள்.

உயரமும் அப்படித்தான். 8 அடிக்கு மேல் ஏணியில் நின்று வரையும்போது இறங்கி, தள்ளிவைத்து, ஏறி, மறுபடி இறங்கித் தூரத்திலிருந்து பார்த்து என்று நேரம் போகும். அந்தப் பகுதிக்கு 30 முதல் 50 சதவீதம் கூட்டுவது நியாயம். சாரம் தேவைப்பட்டால் வாடகை வாடிக்கையாளருடையது. நாட்களை எண்ணும்போது வார்னிஷ் வரை எண்ணுங்கள். ஓவியம் குறைந்தது 3 நாள் காய்ந்த பிறகே வார்னிஷ் அடிப்பது நல்லது, அதற்குள் சாரத்தைப் பிரித்துவிட்டால் மறுபடி கட்ட வேண்டும். வெளிச்சுவரில் நேர்வெயில் படும் நேரத்தில் பெயின்ட் பிரஷிலேயே காய்ந்து ஓரம் தெரியும், அதனால் ஒரு நாளில் வரையக் கிடைப்பது சில மணி நேரமே.

மாதிரிப் படத்தை மட்டும் தயவுசெய்து இலவசமாகப் போட்டுக் கொடுக்காதீர்கள். நீங்கள் இரவெல்லாம் உட்கார்ந்து வரைந்ததை வாங்கிக்கொண்டு, அதைக் காட்டியே வேறொருவரிடம் குறைந்த விலைக்கு வேலை வாங்குவது நடக்கிற விஷயம். வடிவமைப்புக் கட்டணத்தை முதலில் வாங்குங்கள், அது திரும்பத் தரப்படாது என்று எழுதுங்கள். இரண்டு திருத்தம் வரை அதற்குள் அடங்கும், ஒப்புதல் கையெழுத்துக்குப் பிறகு வரும் மாற்றங்களுக்கு மணிக்கணக்கில் தனி. மீதித் தொகையில் 50 சதவீதம் தொடங்கும் முன், 30 சதவீதம் கோடு ஏற்றி அடிநிறங்கள் முடிந்ததும், 20 சதவீதம் வார்னிஷ் அடித்த அன்று. "பாதி வேலை முடிந்ததும்" என்று எழுதினால் எது பாதி என்பதில் சண்டை வரும்.

பேரம் பேசினால் விலையைத் தொடாமல் வேலையைக் குறையுங்கள். மேலே சொன்ன சுவரில் முகத்தை நிழலுருவமாக மாற்றினாலே பெரும்பகுதி நேரம் மிச்சம். சுவரின் இருக்கும் நிறத்தையே பின்னணியாக விட்டுவிடலாம். காரணமில்லாமல் குறைத்தால், முதலில் சொன்ன விலை ஏமாற்று விலை என்றுதான் அவர் எடுத்துக்கொள்வார்.

கேள்விக்குச் சம்பந்தமில்லை என்றாலும் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். உணவகத்துக்கோ கடைக்கோ வரைந்து கொடுத்த ஓவியத்தைப் படமெடுத்து, மூலையிலிருக்கும் கையெழுத்தை வெட்டிவிட்டு, விளம்பரத்திலும் பொட்டலத்திலும் அச்சடிக்கிறார்கள். கேட்டால் "காசு கொடுத்துத்தானே வாங்கினோம்" என்கிறார்கள். வாங்கியது அந்தச் சுவரிலிருக்கும் ஒரு படத்தை. படைப்பாளர் உரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் 1928இல் சேர்க்கப்பட்ட பிரிவு, படைப்பை வைத்துப் பணம் ஈட்டும் உரிமைகளைக் கைமாற்றிய பிறகும் படைத்தவர் தன் பெயரைக் கோரலாம் என்கிறது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறுபடும், ஆகவே ஒப்பந்தத்திலேயே எழுதிவிடுங்கள்: படத்தை அச்சடிக்க, பொருட்களில் பயன்படுத்தத் தனி உரிமம், தனிக் கட்டணம், எங்கே போட்டாலும் ஓவியர் பெயர் இருக்கும்.

போனில் யாராவது "சதுர அடிக்கு எவ்வளவு?" என்று கேட்டால் எண்ணைச் சொல்லாமல் சுவரின் அளவு, உள்ளா வெளியா, எத்தனை உருவங்கள், எந்தத் தேதிக்குள் வேண்டும் என்ற நான்கையும் கேளுங்கள். சுவரை நேரில் பார்த்த இரண்டு நாளுக்குள் எழுத்தில் விலை தருவதாகச் சொல்லுங்கள். அந்தக் காகிதத்தில் 30 நாள் வரைதான் செல்லும் என்று தேதி போட மறக்காதீர்கள்.