ஈசிஜி சரியாக இருக்கிறது, படபடப்பு ஏன் போகவில்லை?

கேள்வி: எனக்கு வயது 38. தஞ்சாவூரிலிருந்து தினமும் பஸ்ஸில் திருச்சிக்கு வேலைக்குச் செல்பவன். ஐந்து மாதங்களுக்கு முன் ஒருநாள் பஸ்ஸில் நெஞ்சு படபடத்து, மூச்சு முட்டி, விரல்கள் மரத்துப்போயின. மாரடைப்பு என்று பயந்து துவாக்குடியில் இறங்கி, ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்கு ஓடினேன். ஈசிஜி, எக்கோ எல்லாம் சரி என்றார்கள். அதன் பிறகும் மூன்று முறை வந்துவிட்டது. இப்போது பஸ் ஏறவே பயமாக இருப்பதால் நண்பரின் காரில் தொற்றிக்கொண்டு போகிறேன். மருத்துவர் மனநல ஆலோசனைக்குப் போகச் சொல்கிறார். உடம்பில் வரும் படபடப்பு பேசினால் எப்படிப் போகும்? பேசத்தான் வேண்டும் என்றால் நண்பர்கள் இல்லையா? அலுவலகத்துக்குத் தெரிந்துவிடுமோ என்றும் கவலையாக இருக்கிறது.

பதில்: "ஒன்றுமில்லை, எல்லாம் உங்கள் கற்பனை" என்று யாராவது சொல்லியிருந்தால் அதை முதலில் தள்ளிவையுங்கள். இதயத்தில் கோளாறு இல்லை என்பதைத்தான் ஈசிஜி சொல்கிறது. படபடப்பு வரவில்லை என்று அது சொல்லவில்லை. தெருநாய் துரத்தும்போது உடம்பில் என்ன நடக்குமோ அதுவேதான் உங்களுக்கும் நடந்திருக்கிறது. நாய் மட்டும்தான் இல்லை.

நீங்கள் எழுதியிருப்பது 'பேனிக் அட்டாக்' (திடீரென்று வந்து தாக்கும் கடும் பயம்) போலத் தெரிகிறது. கடிதத்தை வைத்து முடிவு சொல்வது முறையல்ல. பழைய பரிசோதனைச் சீட்டுகளை எடுத்து, தைராய்டும் ஹீமோகுளோபினும் பார்த்திருக்கிறார்களா என்று பாருங்கள். தைராய்டு அதிகமாகச் சுரந்தாலும், ரத்தசோகை இருந்தாலும் இதே படபடப்பு வரலாம்.

இனி உங்கள் முதல் கேள்வி. தூக்கக் குறைவு, இரண்டாவது காபி, பஸ்ஸில் புழுக்கம் என்று ஏதோ ஒன்றால் இதயம் சற்று வேகமாகத் துடிக்கிறது. மனம் அதற்கு 'மாரடைப்பு' என்று அர்த்தம் சொல்கிறது. பயத்தில் அட்ரினலின் சுரக்கிறது, துடிப்பு இன்னும் ஏறுகிறது, 'பார்த்தாயா, நான் சொன்னது சரிதான்' என்கிறது மனம். வேகவேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்து விரல் மரத்துப்போகிறது, தலை சுற்றுகிறது. பயத்துக்கு இன்னொரு சாட்சி கிடைத்துவிடுகிறது. இந்தச் சுழலை டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் 1986இல் விளக்கினார். சிந்தனை – நடத்தைச் சிகிச்சையில் (சி.பி.டி.) இன்றும் இதை அடிப்படையாக வைத்தே பேனிக்குக்கு வைத்தியம் செய்கிறார்கள்.

துவாக்குடியில் இறங்கினீர்கள் அல்லவா, சிக்கல் அங்கேதான் முடிச்சு விழுந்தது. பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொட்டுவிட்டு இந்தப் படபடப்பு தானாகவே தணிந்துவிடும். நீங்கள் பஸ்ஸிலேயே உட்கார்ந்திருந்தாலும் தணிந்திருக்கும். ஆனால் அதைப் பார்க்க நீங்கள் அங்கே இல்லை. 'இறங்கியதால் பிழைத்தேன்' என்று மூளை கணக்கு எழுதிக்கொண்டது. நண்பரின் கார் அந்தக் கணக்கை ஒவ்வொரு நாளும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறது.

நண்பருக்கும் சிகிச்சையாளருக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். நண்பர் அன்பினால் பயத்துக்கு வழிவிடுவார், சிகிச்சையாளர் பயத்தின் எதிரே உங்களை உட்கார வைப்பார். முதல் ஓரிரு சிட்டிங்கில் கதை கேட்பார். பிறகு, எப்போது வந்தது, அப்போது என்ன நினைத்தீர்கள் என்று நோட்டில் எழுதச் சொல்வார். அதன் பின் வருவதுதான் பலரைத் திடுக்கிட வைக்கும். அறையிலேயே நின்ற இடத்தில் ஒரு நிமிடம் ஓடச் சொல்வார், வேகமாக மூச்சுவிடச் சொல்வார். நீங்கள் பயப்படும் அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அதனால் ஒன்றும் ஆகவில்லை என்று உங்கள் உடம்புக்கே காட்டுவார். (ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய் உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் இதை வீட்டில் முயல வேண்டாம்.) அடுத்து பஸ். முதலில் இரண்டு நிறுத்தம் துணையோடு, பிறகு தனியாக, கடைசியில் கையில் தண்ணீர் பாட்டில்கூட இல்லாமல். வெறும் பேச்சு என்று நீங்கள் நினைத்தது ஏறக்குறைய நீச்சல் பழகுவது போன்றதுதான்.

பொதுவாக வாரம் ஒருமுறை, முக்கால் மணி நேரம், பத்துப் பன்னிரண்டு வாரம். ஐந்தாறு சிட்டிங் முடிந்தும் வீட்டுப்பாடமே இல்லாமல் அறிவுரை மட்டும் வந்தால் ஏன் என்று கேளுங்கள், திருப்தியில்லை என்றால் ஆளை மாற்றுங்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் கழகத்தின் பதிவு எண்ணைக் கேட்பதில் தப்பில்லை. மனநல மருத்துவர் மாத்திரை எழுதினால், பலன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம்வரை ஆகலாம். நீங்களாக நிறுத்தாதீர்கள். பழைய சீட்டைக் காட்டி அல்பிரசோலம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை வாங்கிப் போட்டுக்கொள்ளும் வழக்கம் மட்டும் வேண்டவே வேண்டாம். உடனே அடங்கும்தான், ஆனால் பழகிப்போய் விடாது பிடித்துக்கொள்ளும்.

அலுவலகக் கவலை எனக்குப் புரிகிறது. கீழ்ப்பாக்கம் என்ற ஊர்ப்பெயரையே ஏச்சுச் சொல்லாக்கிவிட்டவர்கள் நாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டப்படி உங்கள் சிகிச்சை விவரம் ரகசியம். உங்களுக்கோ பிறருக்கோ ஆபத்து என்பது போன்ற சில சூழல்களில்தான் விலக்கு. உங்கள் மேலாளர் கேட்டார் என்பதற்காக யாரும் எடுத்துக் கொடுக்க முடியாது.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே மனநலப் பிரிவு இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநலத் தொலைபேசிச் சேவை எண் 14416இல் எந்த நேரமும் தமிழில் பேசலாம், இலவசம்.

சிகிச்சையாளரைப் பார்க்க நேரம் கிடைக்கும்வரை ஒரு வேலை செய்யுங்கள். அடுத்த முறை படபடப்பு வரும்போது (நெஞ்சில் புதிதாக வலி வந்தாலோ, கை, தாடைக்குப் பரவினாலோ, உடம்பு வியர்த்துக் கொட்டினாலோ தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்) கடிகாரத்தைப் பார்த்து மூன்று நேரங்களைக் குறியுங்கள்: தொடங்கியது, உச்சம் தொட்டது, தணிந்தது. முதல் சிட்டிங்குக்குப் போகும்போது அந்தச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போங்கள்.