எமரால்டு கரைப் படத்தில் பனி ஏன் சாம்பல் நிறமாக விழுகிறது?

கேள்வி: ஊட்டியில் இருக்கிறேன். ஆள் நடமாட்டமில்லாத ஏரிக்கரைகளைப் படமெடுக்க ஆசை. பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் மொபைலும் இருக்கின்றன. எமரால்டு அணை ஏரியில் எடுத்தால் மூடுபனி அழுக்குச் சாம்பல் நிறமாக வருகிறது. பின்னால் தோட்டமும் மின்கம்பியும் வேறு. இன்னும் உள்ளே, அவலாஞ்சிக்குப் போனால் சரியாகுமா?

பதில்: ஆகாது. அவலாஞ்சி காட்டுக்குள் வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும். அது கிளம்புவதற்குள் வெயில் ஏறிவிடும். எமரால்டே போதும், விடியும் முன் போய்ச் சேருங்கள். எந்த இடத்தில் கரைக்கு இறங்கலாம் என்று மட்டும் முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏப்ரல், மே நல்ல மாதங்கள். மின் உற்பத்திக்குத் தண்ணீர் போய்ப் போய் அணை வற்றியிருக்கும். நீர் இறங்கி நின்ற ஒவ்வொரு மட்டமும் கரையில் படிக்கட்டு மாதிரி கோடு போட்டிருக்கும். கடல் அலை ஒரு நொடியில் மணலில் வரைவதை இங்கே அணை மாதக்கணக்கில் வரைகிறது. கேமராவை முழங்கால் உயரத்துக்கு இறக்கி, அந்தக் கோடுகளுக்குப் பாதிப் படத்தைக் கொடுங்கள். முந்தின நாள் கோடை மழை பெய்திருந்தால் காலையில் பெரும்பாலும் மூடுபனி இருக்கும். அது கலையும் வரை தோட்டமும் கம்பியும் தெரியாது. அதற்குள் எடுத்துவிட வேண்டும். ஜூன் பிறந்தால் அந்தப் பக்கத்தை மறந்துவிடுங்கள். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது.

சரி, சாம்பல் விஷயம். கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டர் எந்த வெள்ளையையும் நடுத்தரச் சாம்பல் என்றே எண்ணிக்கொள்ளும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தின் வெளிச்ச அளவை, +1 வரை ஏற்றுங்கள், ஹிஸ்டோகிராம் (திரையில் வெளிச்சத்தைக் காட்டும் வரைபடம்) வலது ஓரத்தில் முட்டாமல். மொபைலில் பனியைத் தொட்டு, சூரியன் குறியை மேலே இழுத்தால் போதும். ஆட்டோ ஃபோகஸ் பனிக்குள் தடுமாறும். ஃபோகஸைக் கரையோரக் கல்லின் விளிம்பில் பிடியுங்கள்.

வண்டல் மேலே வெடித்துக் காய்ந்திருக்கும், அடியில் சேறு. நான் ஒரு செருப்பை அங்கேயே தானம் செய்திருக்கிறேன். தண்ணீரை ஒட்டி டிரைபாடு வைக்காதீர்கள், அணை மட்டம் சொல்லாமல் ஏறும். காட்டுமாடு தண்ணீர் குடிக்க வந்தால் படம் வேண்டாம், விலகிவிடுங்கள்.

அப்புறம், குளிரிலிருந்து நேராக டீக்கடைக்குள் போய்ப் பையைத் திறந்துவிடாதீர்கள். லென்ஸ் முழுக்க வேர்த்துவிடும். அரை மணி நேரம் மூடியே வையுங்கள்.