கட்டுப் பிரித்த காலை ஊன்றலாமா?

சேலம் அம்மாப்பேட்டையிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: அப்பா நெசவாளி, ஏற்காட்டில் படிக்கட்டில் வழுக்கி முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து ஆறு வாரம் மாவுக்கட்டு. பிரித்ததும் டாக்டர் வாக்கர் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகக் கால் ஊன்றச் சொல்கிறார், வீட்டில் எல்லாரும் இன்னும் ரெண்டு மாசம் படுத்திருக்கட்டும் என்கிறார்கள். எதைக் கேட்பது?

டாக்டர் சொல்வதைக் கேளுங்கள். தயவுசெய்து படுக்க வைக்காதீர்கள்.

தறியில் பாவு நூல் தொய்ந்திருக்கிறதா என்று அப்பா எப்படிக் கண்டுபிடிக்கிறார்? கையால் அழுத்திப் பார்ப்பார். செல்களும் அதையேதான் செய்கின்றன. செல்லின் சவ்வில் இன்டெக்ரின் என்ற புரதம் இருக்கிறது. அதன் வெளிமுனை கொலாஜன் போன்ற நார்களைப் பிடித்திருக்கும், உள்முனை டாலின் என்ற இன்னொரு புரதம் வழியாக செல்லுக்குள் இருக்கும் ஆக்டின் என்ற புரத இழைகளோடு கட்டுண்டிருக்கும், செல் அந்த இழைகளை உள்ளிருந்து இழுத்துக்கொண்டே இருக்கும். வெளியே பிடித்தது விறைப்பாக இருந்தால் டாலினின் மடிப்புப் பிரியும். சுமார் 5 பைக்கோநியூட்டன் இழுப்பே போதும், அதாவது 100 கிராம் எடையை லட்சம் கோடி பங்காக்கி அதில் ஐந்து பங்கு! மடிப்புக்குள் ஒளிந்திருந்த இடம் திறந்ததும் வின்குலின் என்ற மற்றொரு புரதம் வந்து ஒட்டும், பிடி இறுகும், சேதி உட்கரு வரை போகும். வெறும் இழுப்பு வேதிச் சேதியாக மாறுவது இங்கேதான், எத்தனை முறை படித்தாலும் எனக்கு அலுக்காத இடம்.

சரி, எலும்புக்கு வருவோம். எலும்புக்குள் நுண்ணிய கால்வாய்களில் ஆஸ்டியோசைட் செல்கள் கைநீட்டிக் கிடக்கின்றன. கால் ஊன்றினால் எலும்பு துளியூண்டு வளையும், கால்வாயில் திரவம் நகரும், அந்த அசைவு இன்டெக்ரின் பிடிகளையும் இழுக்கும். உடனே ஸ்கிளீரோஸ்டின் என்ற புரதத்தின் சுரப்பு குறையும். எலும்பு கட்டும் செல்களைத் தடுத்து வைத்திருப்பது அதுதான். படுத்தே கிடந்தால் இது தலைகீழாகும். எடையே தெரியாத விண்வெளியில் வீரர்களின் இடுப்பெலும்பு மாதம் 1 முதல் 1.5 சதவீதம் வரை அடர்த்தி இழக்கிறது.

எவ்வளவு எடை ஊன்றலாம், எப்போது தறிக்குழியில் இறங்கி மிதி மிதிக்கலாம் என்பதை எக்ஸ்ரே பார்த்தவர்தான் சொல்ல வேண்டும், நீங்களாக அவசரப்படவும் வேண்டாம். ஊன்றும்போது லேசான வலி இருக்கும். குத்துகிற மாதிரி வலி வந்தால் நிறுத்திவிட்டு டாக்டரைக் கேளுங்கள். கெண்டைக்கால் வீங்கிச் சூடாக இருந்தால் ரத்தம் உறைந்திருக்கலாம், அன்றைக்கே காட்டுங்கள். திடீரென்று மூச்சுத் திணறினால் உடனே 108 தான்.