ஒரே கார், நான்கு பேர் ஓட்டுகிறோம்: பாலிசியில் எல்லார் பெயரும் வேண்டுமா?

கீழக்கரையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்:

"கார் வாப்பா (அப்பா) பெயரில் இருக்கிறது. அவருக்கு 63 வயது. பக்கத்தில் எங்காவது போவதென்றால் அவரே ஓட்டுவார். தினமும் ராமநாதபுரத்தில் இருக்கும் கடைக்கு நான் எடுத்துப் போகிறேன். காக்கா (அண்ணன்) துபாயிலிருந்து லீவில் வந்தால் இரண்டு மாதம் கார் அவர் கையில்தான். மதுரை ஏர்போர்ட், ஆஸ்பத்திரி என்றால் எங்கள் தெருத் தம்பி ஒருவரை ஆக்டிங் டிரைவராகக் கூப்பிடுவோம். 'ஓட்டுகிற எல்லார் பெயரையும் பாலிசியில் சேர்க்காவிட்டால் கிளைம் வராது' என்று லண்டனில் இருக்கும் மச்சான் சொல்கிறார். உண்மையா? என் மனைவியும் இப்போது எல்.எல்.ஆர். (பழகுநர் லைசென்ஸ்) போட்டு கார் பழகுகிறார்."

மச்சான் சொல்வது அவர் இருக்கும் ஊருக்குச் சரி. அங்கே ஓட்டுகிறவரின் வயதையும் அனுபவத்தையும் பார்த்துத்தான் பிரீமியம் போடுவார்கள். அதனால் பெயர் வேண்டும். நம் நாட்டில் இன்ஷூரன்ஸ் வண்டிக்குப் போடுவது. 1000 சிசிக்கு மேல் 1500 சிசி வரை உள்ள சொந்த உபயோகக் காருக்கு 2022-இல் அறிவித்த தேர்ட் பார்ட்டி (நம் வண்டியால் பாதிக்கப்படும் மற்றவர்களுக்கான காப்பீடு) கட்டணம் ஆண்டுக்கு 3,416 ரூபாய், ஜி.எஸ்.டி. தனி. ஒருவர் ஓட்டினாலும் ஐந்து பேர் ஓட்டினாலும் அதே தொகைதான். பாலிசியில் 'டிரைவர்ஸ் கிளாஸ்' என்ற பத்தியைத் தேடிப் பாருங்கள். உரிமையாளர் உட்பட யாரும் ஓட்டலாம். விபத்து நடந்த நேரத்தில் அவரிடம் செல்லுபடியாகும் லைசென்ஸ் இருக்க வேண்டும். லைசென்ஸ் வைத்திருக்கத் தகுதி இழந்தவராக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் நிபந்தனை.

ஆக, உங்கள் வீட்டில் பார்க்க வேண்டியது நான்கு லைசென்ஸ்களின் தேதிகளை. முதலில் காக்காவுடையது. பழைய விதிப்படி லைசென்ஸ் 20 ஆண்டுக்கு அல்லது 50 வயது வரைக்கும், எது முந்தியோ அதுவரை செல்லும். 2005-இல் எடுத்துவிட்டு வெளிநாடு போனவர்களுக்கு 2025-இல் சத்தமில்லாமல் முடிந்திருக்கும். துபாயில் தினமும் ஓட்டுகிறவருக்கு இது நினைவிலேயே இருக்காது. அந்த நாட்டு லைசென்ஸை மட்டும் காட்டி இங்கே ஓட்ட முடியாது. முன்பெல்லாம் காலாவதியான பிறகும் 30 நாள் செல்லும் என்று சட்டத்தில் இருந்தது. 2019 திருத்தத்தில் அதை எடுத்துவிட்டார்கள். முடிந்து ஓராண்டைத் தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்ட வேண்டியிருக்கும். அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே கார்டின் படத்தை வாட்ஸ்அப்பில் வாங்கித் தேதியைப் பார்த்துவிடுங்கள்.

வாப்பா விஷயமும் லேசானது இல்லை. 55 வயதைக் கடந்தவர்களுக்கு ஐந்தைந்து ஆண்டுக்குத்தான் புதுப்பித்துத் தருகிறார்கள், மருத்துவச் சான்றோடு.

லைசென்ஸ் இல்லாதவர் ஓட்டி அடிபட்டால், உங்கள் காருக்கான செலவை நிறுவனம் தராது. எதிராளிக்கு உரிய நஷ்டஈட்டை முதலில் நிறுவனத்தையே கொடுக்கச் சொல்லி, பிறகு உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்ளும்படி கோர்ட் உத்தரவிடுவது வழக்கம். உச்ச நீதிமன்றத்தின் 2004 தீர்ப்பிலிருந்து வந்த நடைமுறை இது. வசூலிப்பது வாப்பாவிடம், பல லட்சமாகவும் இருக்கலாம். லைசென்ஸ் இல்லாதவருக்கு வண்டியைக் கொடுத்ததற்கு 5,000 ரூபாய் அபராதம் தனி.

சரி, எல்லார் லைசென்ஸும் சரியாக இருக்கிறது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஒரு பெரிய ஓட்டை இருக்கிறது. மச்சான் சொன்ன விஷயத்தை விட எனக்குக் கவலை தருவது இதுதான், ஏனென்றால் இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை.

பாலிசியில் 'ஓனர் டிரைவர்' என்று 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீடு இருக்கும். அது ஆர்.சி.யில் பெயர் உள்ளவருக்கு மட்டும், அதுவும் அவரிடம் லைசென்ஸ் இருந்தால்தான். நீங்கள் கடையை அடைத்துவிட்டு இரவில் வரும்போது ஆடு குறுக்கே வந்து, கார் பனைமரத்தில் மோதுகிறது என்று வையுங்கள். ஃபுல் இன்ஷூரன்ஸ் இருந்தால் காரைச் சரிசெய்யப் பணம் வரும். உங்களுக்கு? நீங்கள் உரிமையாளர் இல்லை, அதனால் அந்த 15 லட்சம் கிடையாது. தேர்ட் பார்ட்டியும் இல்லை. வண்டியை இரவல் வாங்கி ஓட்டுகிறவர் அந்த நேரத்துக்கு உரிமையாளரின் இடத்தில் நிற்கிறார் என்று 2009-இலும் 2020-இலும் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. எதிரே வந்த வண்டி மீது தவறு இருந்தால் அதன் இன்ஷூரன்ஸில் கேட்கலாம். தானாக மோதினால் குடும்பத்துக்கு அந்தப் பாலிசியிலிருந்து ஒன்றும் வராது. தினமும் ஓட்டுவது நீங்கள். 15 லட்சம் இருப்பது எப்போதாவது ஓட்டும் வாப்பாவுக்கு.

பெயர் எழுத வேண்டிய இடம் என்று ஒன்று உண்டென்றால் அது இங்கேதான். ஃபுல் இன்ஷூரன்ஸில் கூடுதல் பிரீமியம் கட்டி, பெயர் குறிப்பிட்டவர்களுக்கு விபத்துக் காப்பீடு சேர்க்கலாம். ஆனால் அதில் பெரிய தொகை கிடைக்காது. நீங்களும் காக்காவும் காருக்குச் சம்பந்தமில்லாமல் ஆளுக்கொரு தனிநபர் விபத்து பாலிசி எடுத்துக்கொள்வதே மேல் என்பது என் கருத்து. பைக்கில் போனாலும் பஸ்ஸில் போனாலும் அது கூடவே வரும். அதற்கும் வசதி இல்லாதவர்கள் வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு 20 ரூபாயில் கிடைக்கும் பிரதமர் சுரக்ஷா பீமாவையாவது போட்டுவிட வேண்டும். 18 முதல் 70 வயது வரை சேரலாம், 2 லட்சம்.

ஆக்டிங் டிரைவர் தம்பிக்கு வழி வேறு. அவர் கூலிக்கு ஓட்டுகிறார். பிரீமியம் கணக்கில் 'பெய்ட் டிரைவர்' என்ற வரியில் 50 ரூபாய் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் சேர்க்கச் சொல்லுங்கள். உங்கள் குடும்பத்தை நம்பி ஸ்டியரிங் பிடிக்கிற பிள்ளை அவர்.

இன்னொன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். லைசென்ஸ் முடிந்தவர் ஓட்டி இடித்துவிட்டால், "தம்பி ஓட்டினான்னு எழுதிக் கொடுத்திரலாம்" என்று யாராவது யோசனை சொல்வார்கள். செய்யாதீர்கள். எஃப்.ஐ.ஆர்., ஆஸ்பத்திரிச் சீட்டு, டோல்கேட் கேமரா எல்லாவற்றையும் கிளைமை விசாரிக்க வரும் இன்ஷூரன்ஸ் சர்வேயர் ஒப்பிடுவார். பொய் என்று தெரிந்தால் கிளைம் மொத்தமும் போகும். ஓட்டாத பிள்ளை மீது வழக்கும் நிற்கும்.

நோ கிளைம் போனஸ் வாப்பாவுடையது. ஐந்து ஆண்டு கிளைம் இல்லாவிட்டால் 50 சதவீதம் வரை தள்ளுபடி ஏறும். நால்வரில் யார் இடித்துக் கிளைம் போட்டாலும் அது போய்விடும். பம்பர் கீறலுக்கெல்லாம் கைக்காசைப் போட்டுச் சரிசெய்வதுதான் லாபம்.

தம்பியிடம் காரைக் கொடுக்கும்போது ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள். ஏர்வாடி சந்தனக்கூடு, ராமேஸ்வரம் ஆடி அமாவாசை சமயத்தில் ஒயிட் போர்டு காரில் வாடகைக்கு ஆள் ஏற்றக் கூடாது. சொந்த உபயோகப் பாலிசி வாடகை ஓட்டத்துக்குச் செல்லாது. கடைச் சரக்கு ஏற்றுவதற்கும் இதே விதிதான். இது உங்களுக்கும் பொருந்தும்.

உங்கள் மனைவிக்குத் தடையில்லை. எல்.எல்.ஆர். வைத்திருப்பவர் ஓட்டும்போதும் இன்ஷூரன்ஸ் செல்லும். முன்னும் பின்னும் எல் போர்டு ஒட்டியிருக்க வேண்டும். பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர், தேவைப்பட்டால் வண்டியை நிறுத்தக்கூடிய இடத்தில், உட்கார்ந்திருக்க வேண்டும். வாப்பா கூட உட்கார்ந்து பழக்குவதாக இருந்தால், முதலில் அவருடைய லைசென்ஸ் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.