தொட்டதா, தொடவில்லையா?

கேள்வி: என் மகளின் ஷூவில் ஒவ்வொரு அடிக்கும் விளக்கு மின்னுகிறது. அழுத்துகிற பட்டன் எதுவும் தெரியவில்லையே?

பதில்: பழைய ஜோடியின் குதிகாலை அறுத்துப் பாருங்கள், மகள் தூங்கும்போது. பேட்டரியோடு ஒரு குட்டி ஸ்பிரிங்கும், அதன் நடுவே அதைத் தொடாமல் நிற்கும் கம்பியும் இருக்கும். கால் தரையில் மோதி நின்றுவிடும்; ஸ்பிரிங் உடனே நிற்காது, வளைந்து கம்பியைத் தொட்டுவிடும். விளக்கு மின்னும். 1990களில் சில ஷூக்களில் இந்த வேலையைப் பாதரசம் செய்தது. நச்சுப் பொருளைக் குழந்தைகள் காலில் மாட்டுவதா என்று எதிர்ப்பு கிளம்பவே விட்டுவிட்டார்கள். நல்லதுதான்.

கேள்வி: இதே சுவிட்சை சிலிக்கானில் மணல் அளவுக்குச் செய்கிறார்களாமே. வேகம் மாறுவதை அளக்கும் முடுக்கமானி சிப் இருக்கும்போது இது எதற்கு?

பதில்: பேட்டரிக்காக. முடுக்கமானி அளந்துகொண்டே இருக்கும், கொஞ்சமாவது மின்சாரத்தைக் குடித்துக்கொண்டே இருக்கும். சுவிட்ச் திறந்திருக்கும்வரை எதுவுமே குடிக்காது. கிடங்கில் வருஷக்கணக்கில் சும்மா கிடந்துவிட்டு, அடி விழுந்தால் மட்டும் மற்ற சர்க்யூட்டை எழுப்பும். பதிலுக்கு நாம் இழப்பது, அடி எவ்வளவு பலம் என்ற கணக்கை. 50 ஜி, அதாவது புவியீர்ப்பைப்போல 50 மடங்கு முடுக்கத்துக்கு வடிவமைத்த சுவிட்சுக்கு 60-ம் ஒன்றுதான், 500-ம் ஒன்றுதான்.

சின்னதாக்குவதில் இருக்கும் தொல்லையையும் சொல்லிவிடுகிறேன், எனக்குப் பிடித்த பகுதி அதுதான். சிலிக்கான் சுவிட்சில் ஸ்பிரிங்கில் தொங்கும் ஒரு குட்டிக் கட்டிதான் நகர்ந்துபோய் எதிரே இருக்கும் தொடுமுனையை இடிக்கும். அதன் நீள, அகல, உயரத்தைப் பத்தில் ஒன்றாக்கினால் நிறை ஆயிரத்தில் ஒன்றாகிவிடும். அவ்வளவு லேசான கட்டி எந்த வேகத்தில் வந்து இடித்தாலும் தொடுமுனையை அழுத்தமாகப் பிடிக்காது. அதனால்தான் துருப்பிடிக்காத தங்கத்தைப் பூசுகிறார்கள். அது போதாதென்று, தொட்ட மறுகணமே கட்டி எகிறித் திரும்பிவிடும். தொடுகை மைக்ரோ நொடிக் கணக்கில் முடிந்துபோனால் சர்க்யூட் கவனிக்கக்கூட நேரமிருக்காது. எதிரே இருக்கும் முனையையும் வளையவிட்டு, கட்டியோடு சேர்ந்து கொஞ்ச தூரம் நகரவைப்பது ஒரு வழி. சின்னக் கொக்கி வைத்து, வந்த கட்டியைப் பிடித்து வைத்துக்கொள்வது இன்னொரு வழி. கொக்கிக்குத்தான் என் ஓட்டு: எப்போது வந்து பார்த்தாலும் அடி விழுந்த சேதி அங்கேயே இருக்கும். என்ன, அதை விடுவிக்கத் தனி ஏற்பாடு வேண்டும்.

கேள்வி: கார் பம்பரைச் சுத்தியலால் அடித்தால் ஏர்பேக் விரியுமா?

பதில்: விரியாது. அதற்காக அடித்துப் பார்க்காதீர்கள். சுத்தியல் அடியில் முடுக்கம் எகிறும், ஆனால் கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். காரின் வேகம் துளியும் மாறாது. நிஜ மோதல் 100 மில்லி நொடி அளவுக்கு நீடித்து வேகத்தையே விழுங்கிவிடும். இந்த இரண்டையும் பிரித்தறிய 1960களின் இறுதியில் ஆலன் பிரீட் உருவாக்கிய சென்சாரில் கம்ப்யூட்டரே கிடையாது. ஒரு குழாய், உள்ளே கச்சிதமாகப் பொருந்தும் உலோகக் குண்டு, அதைப் பின்னால் பிடித்து வைக்கும் காந்தம், அவ்வளவுதான். மோதலில் குண்டு காந்தத்தை விட்டுக் கிளம்பும். ஆனால் முன்னாலிருக்கும் காற்று ஒடுக்கமான இடுக்கு வழியாகப் பின்னால் போனால்தான் குண்டு நகர முடியும். அடி சீக்கிரம் முடிந்தால் காந்தம் திரும்ப இழுத்துக்கொள்ளும். நீடித்தால் குண்டு கோடிவரை போய் இரண்டு முனைகளை இணைத்துவிடும். இன்றைய கார்களில் சிலிக்கான் முடுக்கமானியும் மென்பொருளும் இதைக் கணக்குப் போட்டுச் செய்கின்றன.

கேள்வி: கண்ணாடிச் சாமான் அனுப்பும் பெட்டிக்கு 50 ஜி சுவிட்ச் போதுமா?

பதில்: எங்கே ஒட்டுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் பெட்டி நொடிக்கு 4.4 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். 1 மில்லி நொடியில் நின்றால் சராசரியாக 450 ஜி. உள்ளே தடித்த பஞ்சில் கிடக்கும் சாமான் 20 மில்லி நொடி எடுத்து நின்றால் 22 ஜி சொச்சம்தான். வெளியே ஒட்டிய சுவிட்ச் அலறும், சாமான் பத்திரமாக இருக்கும். சாமான்மேலேயே ஒட்டுங்கள்.