பத்துக்குப் பத்து ரூமுக்கு எத்தனை வாட்ஸ்?

கேள்வி: மகள் கல்யாணமாகிப் பெங்களூர் போன பிறகு மாடியில் அவள் ரூம் காலியாகக் கிடக்கிறது. பத்துக்குப் பத்து அடி, உயரமும் பத்தடி. அதில், டிரான்சிஸ்டருக்குப் பதில் ஒளிரும் கண்ணாடிக் குழாய்கள் வைத்த ஒரு வால்வு ஆம்ப்ளிபயர் வைத்து நிதானமாகப் பாட்டுக் கேட்க ஆசை. ஸ்பீக்கரோடு சேர்த்து 60,000 ரூபாய் வரை செலவு செய்ய முடியும். நூறு வாட்ஸாவது இல்லாவிட்டால் வீண் என்கிறார் என் மச்சான். ஆன்லைனில் 9,000 ரூபாய்க்கு இரண்டு வால்வு ஒளிரும் குட்டிப் பெட்டி ஒன்று பார்த்தேன். அதையே வாங்கிவிடலாமா? ஆரணியில் தாத்தாவின் வால்வு ரேடியோவும் இருக்கிறது, பாடி முப்பது வருஷமாகிறது. அதைப் பாட வைக்க முடியுமா?
– வாசகர், சத்துவாச்சாரி, வேலூர்

பதில்: முதலில் மச்சானைச் சமாளிப்போம். உங்கள் ரூமில் நாற்காலிக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஐந்தாறு அடிதான் இருக்கும். அந்தத் தூரத்தில், கீழே தூங்குபவர்கள் எழுந்து வராத அளவுக்குக் கேட்டால், பெரும்பாலான நேரம் ஒரு வாட்ஸ்கூடச் செலவாகாது. நூறு வாட்ஸ் ஆம்புக்கும் ஐம்பது வாட்ஸ் ஆம்புக்கும் உள்ள வித்தியாசம் வெறும் 3 டெசிபல். சத்தம் இரண்டு மடங்கு ஆனதுபோல் காதுக்குத் தோன்ற வேண்டுமானால் வாட்ஸைப் பத்து மடங்கு ஏற்ற வேண்டும்.

மச்சான் பார்க்க வேண்டிய எண் ஸ்பீக்கரின் விவரக் குறிப்பில் இருக்கிறது. ஒரு வாட்ஸ் கொடுத்தால் ஒரு மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் சத்தம் வரும் என்பதே அந்த எண். சென்சிட்டிவிட்டி என்பார்கள். அலமாரியில் வைக்கும் சின்ன ஸ்பீக்கர்களில் பல 84, 86 என்று இருக்கும். 90, 92 உள்ளவையும் கிடைக்கின்றன, பெட்டி கொஞ்சம் பெரிசாக இருக்கும். 86-க்கும் 92-க்கும் இடையே உள்ள 6 டெசிபல் என்பது நான்கு மடங்கு வாட்ஸ். 86 ஸ்பீக்கரில் 16 வாட்ஸ் ஆம்ப் செய்யும் வேலையை 92 ஸ்பீக்கரில் 4 வாட்ஸ் ஆம்ப் செய்துவிடும். வால்வு ஆம்பில் ஒவ்வொரு வாட்ஸுக்கும் காசு அதிகம், சூடும் அதிகம். அதனால் ஸ்பீக்கரை முதலில் முடிவு செய்யுங்கள், ஆம்ப் அதற்குப் பின்னால் வரட்டும்.

அந்த 9,000 ரூபாய்ப் பெட்டியை வாங்காதீர்கள். அந்த விலையில் வரும் குட்டிப் பெட்டிகளில் வால்வு, பாட்டை முதலில் வாங்கும் முன் அடுக்கில் மட்டும்தான். ஸ்பீக்கரை ஓட்டுவது உள்ளே இருக்கும் ஒரு சிப். சிலவற்றில் வால்வு சிவப்பாகத் தெரிவதற்கு அடியில் எல்.இ.டி. வேறு வைத்திருப்பார்கள். அது மோசமான ஆம்ப் என்று சொல்ல மாட்டேன், காசுக்கு நன்றாகவே பாடும். நீங்கள் தேடும் பொருள் அது இல்லை, அவ்வளவுதான்.

முழு வால்வு ஆம்ப் என்றால் ஸ்பீக்கருக்குப் போகும் கடைசி அடுக்கிலும் வால்வு இருக்க வேண்டும். அதை ஸ்பீக்கரோடு இணைக்க இடது, வலது என்று பக்கத்துக்கு ஒன்றாக அவுட்புட் டிரான்ஸ்பார்மர் வேண்டும். ஆம்பின் உயிர் இந்த டிரான்ஸ்பார்மரின் இரும்பில்தான் இருக்கிறது. பழைய ரேடியோ மெக்கானிக்குகள் ஆம்பைத் தூக்கிப் பார்த்தே பாதித் தீர்ப்பைச் சொல்லிவிடுவார்கள். சின்ன ஆம்புக்கே ஏழெட்டுக் கிலோ கனம் வர வேண்டும். டிபன் பாக்ஸ் மாதிரி கையில் தூக்க முடிந்தால் இரும்பில் கஞ்சத்தனம் செய்திருக்கிறார்கள் என்று அர்த்தம், பேஸ் என்கிற கனத்த கீழ் ஒலி வராது.

உங்கள் ரூமுக்கு என் தேர்வு இஎல் 84 (EL84) வால்வு. 1950-களிலும் 60-களிலும் ரேடியோவும் இசைத்தட்டுப் பெட்டியும் சேர்ந்த ரேடியோகிராம்களில் பாடிய அதே வால்வுதான். ரஷ்யாவிலும் ஸ்லோவாக்கியாவிலும் சீனாவிலும் இன்றைக்கும் புதிதாகவே தயாராகிறது, அதனால் மாற்று வால்வுக்கு அலைய வேண்டாம். பக்கத்துக்கு ஒரு வால்வு வைத்த சிங்கிள் எண்டட் ஆம்பில் 3 முதல் 5 வாட்ஸ் கிடைக்கும். பக்கத்துக்கு இரண்டு வைத்த புஷ்புல் ஆம்பில் 10 முதல் 15. ஸ்பீக்கர் 90-க்கு மேல் என்றால் முதல் ரகம் போதும். அதற்குக் குறைவென்றால் புஷ்புல்லுக்குப் போங்கள். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் கேட்டால் வால்வு மூன்று நான்கு வருஷம் தாராளமாக ஓடும்.

பெரிய வால்வு வேண்டாம் என்பதற்கு எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் ஊருக்கு வெயிலூர் என்று சும்மாவா பேர் வந்தது? சிங்கிள் எண்டட் ஆம்ப் பாட்டு இல்லாமல் சும்மா இருக்கும்போதும் முழு கரண்டையும் இழுக்கும். இஎல் 84 சின்ன ஆம்ப் என்றால் ஒரு பழைய 60 வாட்ஸ் குண்டு பல்பு எரிகிற சூடு. நான்கு பெரிய வால்வு வைத்த ஆம்ப் அதைப் போல இரண்டு மூன்று மடங்கு. கத்திரி வெயிலில் மாடி ரூமில் அதைப் போட்டுவிட்டு நீங்கள் வராந்தாவில்தான் உட்கார வேண்டியிருக்கும். மே மாதத்தில் ஃபேன் இல்லாமல் யாரும் பாட்டுக் கேட்கப் போவதில்லை. அந்தக் காற்றுச் சத்தத்தில் நுணுக்கமான ஒலியெல்லாம் எப்படியும் கரைந்துவிடும், ஆகவே அதற்காக விலை ஏற்றிச் சொல்லும் கேபிள்களுக்குக் காசைக் கொட்டாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைக் கொஞ்சம் யோசிக்க வைத்தது ஆம்ப் இல்லை, ரூமின் அளவு. நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி. எந்த ரூமும் தன் சுவர்களின் இடைவெளிக்கு ஏற்ப ஒரு குறிப்பிட்ட பேஸை மட்டும் தூக்கிக் காட்டும். பத்தடிக்கு அது கிட்டத்தட்ட 57 ஹெர்ட்ஸ். சாதாரணமாக மூன்று அளவும் வேறு வேறாக இருப்பதால் இந்த வீக்கம் மூன்று இடமாகப் பிரிந்துவிடும். உங்கள் ரூமில் மூன்றும் ஒரே இடத்தில் வந்து குவிகிறது. மிருதங்கத்தின் தொப்பியோ பேஸ் கிடாரோ அந்தச் சுருதிக்கு வரும்போது மட்டும் ‘பொம்’ என்று உப்பும்.

இதை முழுசாகப் போக்க முடியாது, உட்காரும் இடத்தால் குறைக்கலாம். முதுகைச் சுவரில் ஒட்டி உட்கார்ந்தால் உப்பல் உச்சத்தில் இருக்கும். ரூமின் நட்டநடுவில் உட்கார்ந்தால் அதே பேஸ் காணாமல் போய்விடும். பின் சுவரிலிருந்து மூன்று, மூன்றரை அடி தள்ளி நாற்காலியைப் போடுங்கள். ஸ்பீக்கரை மூலையில் திணிக்காமல் சுவரிலிருந்து ஒன்றரை அடி முன்னால் வையுங்கள். மகளின் கட்டிலையும் இலவம்பஞ்சு மெத்தையையும் வெளியேற்ற வேண்டாம், வெறும் சுவரின் எதிரொலியை மெத்தை வாங்கிக்கொள்ளும். ஆனால் அந்த 57-ஐ அது ஒன்றும் செய்யாது. இந்த ரூமில் பேஸுக்கென்றே வரும் சப்வூபர் வைப்பது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது. ஸ்பீக்கர் ஸ்டாண்டை வெல்டிங் பட்டறையில் இரும்புக் குழாயில் செய்து, உள்ளே காய்ந்த மணல் நிரப்புங்கள். பாலாற்று மணலுக்கு அலையாதீர்கள், அதற்கு வேறு பஞ்சாயத்து உண்டு. யார் வீட்டுக் கட்டட வேலையிலாவது மிஞ்சியது போதும்.

கரண்ட் விஷயம். மூன்று பின் பிளக்கும் ஒழுங்கான எர்த்தும் இல்லாமல் வால்வு ஆம்பைப் போடக்கூடாது. உள்ளே 250, 300 வோல்ட் ஓடுகிறது, ஆஃப் செய்த பிறகும் கரண்டைத் தேக்கி வைக்கும் கெப்பாசிட்டரில் கொஞ்ச நேரம் தங்கியிருக்கும். இரவில் வோல்டேஜ் 250-ஐத் தொடும் தெரு என்றால் வால்வின் ஆயுள் குறையும், ஸ்டெபிலைசர் வையுங்கள். சதுர அலை இன்வெர்ட்டரில் ஓட்டினால் டிரான்ஸ்பார்மர் உறுமும், சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் பிரச்சினை இல்லை. ஸ்பீக்கரை மாட்டாமல் ஆம்பை ஆன் செய்யவே கூடாது, அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விடும். வால்வுக்கு மேல் கம்பி வலை மூடி இருப்பதாகப் பாருங்கள். பேரன் பேத்தி வரும்போது மட்டுமில்லை, சூட்டைத் தேடிப் பல்லியும் வரும்.

வாங்கும்போது காதுக்கு ஒரே ஒரு பரீட்சை வையுங்கள். நான் முதன்முதலில் வாங்கிய பழைய வால்வு ஆம்ப் கடையில் தேனாகப் பாடியது. வெளியே பஸ் ஹாரன், பக்கத்தில் ஜூஸ் மிக்ஸி. வீட்டில் இரவு பத்து மணிக்குப் போட்டால் ஸ்பீக்கருக்குள் தேனீக்கூடு வைத்த மாதிரி ஓர் உம்ம்ம். கடைக்காரர் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டு எதுவும் இல்லாமல், கடையின் ஷட்டரைப் பாதி இறக்கச் சொல்லிவிட்டு, ஸ்பீக்கரில் காதை வைத்துக் கேளுங்கள். நாற்காலித் தூரத்திலும் அந்த உம் கேட்டால் வேண்டாம். நான் சொல்லும் 92 டெசிபல் ஸ்பீக்கர் பாட்டைப் போலவே இந்த இரைச்சலையும் தூக்கிக் காட்டும்.

அறுபதாயிரத்தில் ஆம்புக்கும் ஸ்பீக்கருக்கும் 26,000, 26,000 ஒதுக்கிவிட்டு மிச்சத்தை ஸ்டாண்ட், ஸ்டெபிலைசர், ஒயருக்கு வைத்துக்கொள்ளுங்கள். வெளிநாட்டிலிருந்து தருவித்தால் சுங்க வரியும் கூரியரும் கையைக் கடிக்கும், இரும்பு கனமாயிற்றே. காட்பாடியில் ரயிலேறினால் இரண்டு இரண்டரை மணி நேரத்தில் சென்னை. ரிச்சி ஸ்ட்ரீட்டில் விசாரித்தால் வால்வு ஆம்ப் செய்து தரும் கைகளுக்கு வழி கிடைக்கும். பழுது வந்தால் தூக்கிக்கொண்டு போக ஆள் பக்கத்தில் இருப்பது பெரிய விஷயம்.

ஆரணி ரேடியோவுக்கு வருகிறேன். ஆசையில் பிளக்கில் சொருகிவிடாதீர்கள். முப்பது வருஷம் தூங்கிய கெப்பாசிட்டர் முதல் நிமிஷத்திலேயே மற்றதையும் கூட்டிக்கொண்டு போய்விடும். ஒயரைக் கழற்றி வைத்துவிட்டு, பின்பக்க அட்டையைத் திறந்து, எதையும் தொடாமல் டார்ச் அடித்து வால்வுகளின் மேல் உள்ள எழுத்தை மட்டும் படியுங்கள். ‘இ’ (E) என்று ஆரம்பித்தால் பெரும்பாலும் டிரான்ஸ்பார்மர் வைத்த செட், நல்ல மெக்கானிக் கையில் பிழைக்கும். ‘யு’ (U) என்று ஆரம்பித்தால் ஏ.சி., டி.சி. இரண்டிலும் ஓடிய செட். அதில் உள்ளே இருக்கும் இரும்புச் சட்டமே நேரடியாக மெயின் கரண்டில் இருக்கலாம், தொட்டால் ஆளைத் தூக்கி எறியும். எந்த எழுத்து என்று பார்த்து எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று அப்போது சொல்கிறேன்.