டாரஸ் ஆயில் குடிக்கிறது: இன்ஜினையே மாற்றிவிடலாமா?

கேள்வி: என் டாரஸ் லாரி 2011 மாடல் டாடா 2518, கம்மின்ஸ் இன்ஜின். 9 லட்சம் கி.மீ. ஓடிவிட்டது. ஆயிரம் கி.மீ.க்கு ஒரு லிட்டர் ஆயில் குறைகிறது. "ரன்னிங் இன்ஜின் (வேறு வண்டியிலிருந்து கழற்றிய, ஓடும் நிலையில் உள்ள பழைய இன்ஜின்) ஒன்று இருக்கு, தூக்கி வச்சிடலாம்" என்கிறார் புரோக்கர். நம்பலாமா? - வாசகர், நாமக்கல்

பதில்: வேண்டாம். முதலில் கணக்கைப் பாருங்கள். லோடோடு லிட்டருக்கு 4 கி.மீ. என்றால் ஆயிரம் கி.மீ.க்கு 250 லிட்டர் டீசல். ஒரு லிட்டர் ஆயில் அதில் 0.4 சதவீதம்தான். இந்த வயது இன்ஜினுக்கு அரை சதவீதம் வரை பொறுத்துக்கொள்ளலாம்.

அடுத்து, ஆயில் எந்த வழியாகப் போகிறது என்று பாருங்கள். பிரேக்குக்கான ஏர் டேங்க்கின் டிரெயினைத் திறங்கள். தண்ணீரோடு கறுப்பு ஆயில் கொட்டினால் பிரேக் கம்ப்ரஸரின் ரிங் தேய்ந்திருக்கிறது. இன்ஜினைத் தொடவே வேண்டாம். டர்போவிலிருந்து இன்டர்கூலர் போகும் ஹோஸைக் கழற்றுங்கள். உள்ளே ஆயில் தேங்கி, டர்போ ஷாஃப்டும் விரலுக்கு ஆடினால் டர்போ வேலை. தொப்பூர் கணவாய் இறக்கம் முடிந்து ஆக்சிலேட்டர் மிதிக்கும்போது மட்டும் நீலப் புகை வந்தால் வால்வு சீல். மேட்டில் லோடோடு ஏறும்போது விடாமல் நீலப் புகை, ஐடிலிங்கில் ஆயில் ஊற்றும் மூடியைக் கவிழ்த்து வைத்தால் அது எகிறி விழுகிறது என்றால் மட்டுமே பிஸ்டன் ரிங்கும் போரும் (பிஸ்டன் ஓடும் சிலிண்டர் துளை) தேய்ந்தவை.

ஒரு விஷயத்தை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். ஆயில் குறையவில்லை என்றால் இன்ஜின் நன்றாக இருக்கிறது என்று அர்த்தமில்லை. டேங்க்கிலிருந்து டீசலை இழுக்கும் ஃபீட் பம்ப் உள்ளே கசிந்தால் டீசல், இன்ஜினின் அடியில் ஆயில் நிற்கும் சம்ப்பில் இறங்கும். இன்ஜின் ஆயிலைக் குடிக்கும், டீசல் அந்த இடத்தை நிரப்பும், ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கில் அளவு அப்படியே நிற்கும். நீர்த்த ஆயிலில் பேரிங் போகும். டிப் ஸ்டிக்கை முகர்ந்து பாருங்கள். செய்தித்தாளில் ஒரு சொட்டு விட்டு அரை மணி நேரம் வையுங்கள். கறுப்பு வட்டத்தைச் சுற்றி வெளிறிய எண்ணெய் வளையம் அகலமாகப் படர்ந்தால் டீசல் கலந்திருக்கிறது. சில நாட்கள் அளவு குறைந்து, சில நாட்கள் ஏறினாலும் இதே சந்தேகம்தான்.

இனி அந்த ரன்னிங் இன்ஜின். நீங்கள் பார்க்கப் போகும்போதே அது சூடாக இருந்தால் திரும்பி வந்துவிடுங்கள். காலையில் குளிர்ந்த நிலையில் உங்கள் கண் முன்னால் ஸ்டார்ட் ஆக வேண்டும். புகையை அடக்கவும் பிரஷர் காட்டவும் கெட்டியான ஆயில் ஊற்றி வைப்பது பழைய வித்தை. ஆயிலை மாற்றி 15டபிள்யூ40 கிரேடு ஊற்றச் சொல்லி, டேஷ்போர்டை நம்பாமல் தனி ஆயில் பிரஷர் கேஜ் மாட்டுங்கள். நன்றாகச் சூடானபின் ஐடிலிங்கில் பிரஷர் 10 பி.எஸ்.ஐ.க்குக் கீழே இறங்கக் கூடாது. "புது லைனர் போட்டாச்சு" என்பார்கள். லைனர், ஸ்லீவ் என்பது போருக்குள் இறக்கும் தனிக் குழாய். இந்த இன்ஜின் பிளாக் கம்பெனியிலிருந்து லைனர் இல்லாமல்தான் வருகிறது. ஸ்லீவ் அடித்திருந்தால் லேத் பில் எங்கே என்று கேளுங்கள்.

எல்லாவற்றையும்விட, இன்ஜின் எண். ஆர்.சி.யில் அது மாறியாக வேண்டும். அதற்கு ஆர்.டி.ஓ. ஆபீஸில் பில் கேட்பார்கள். இப்படிப்பட்ட இன்ஜின் வரும் ஸ்கிராப் கடையில் முறையான பில் ஏது? ஒழுங்காக எழுத வைக்க நினைப்பவனை அலையவிடுகிறார்கள். எஃப்.சி.க்கு (தகுதிச் சான்று) ஆண்டுதோறும் வண்டியை நிறுத்தினாலும் புகை, பிரேக் போன்றவைதான் பார்க்கப்படும், இன்ஜினின் வயிற்றை யாரும் பார்ப்பதில்லை. "உங்க பழைய எண்ணையே குத்தித் தர்றேன்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தில் நிற்கவே நிற்காதீர்கள். அது குற்றம். விபத்து ஒன்று நடந்தால் இன்ஷூரன்ஸ் கிளெய்முக்கும் அங்கேதான் ஆப்பு.

ரிங்தான் என்று உறுதியானால் உங்கள் பிளாக்கையே போர் அடியுங்கள், அதாவது லேத்தில் சிலிண்டர் துளையைக் கடைந்து பெரிதாக்குங்கள். 0.50 மி.மீ. ஓவர்சைஸ், அடுத்து 1.00 மி.மீ. வரை பிஸ்டன் கிடைக்கும். ஒரு சிலிண்டருக்கு மட்டும் செய்து முடிக்கிறேன் என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லேத்தில் ஆறு போரின் அளவையும் எழுதி வாங்குங்கள். கழற்றிய பழைய பிஸ்டன்கள் ஆறும் உங்கள் கைக்கு வந்த பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.